அக்கா வெயிட் போட்ட வருஷம்

எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பழக்கம். யாரு எதைக் குடுத்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. செங்காங் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல சாயங்காலமானா நோட்டீஸ் குடுக்கறவங்க வரிசையா நிப்பாங்க. இன்ஷூரன்ஸ், டியூஷன், ஜிம்மு, முடி கொட்டாம இருக்க எண்ணெய்னு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கட்டு இருக்கும். நானெல்லாம் போனைப் பாக்கற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நழுவிடுவேன். அக்கா நிப்பாங்க. ரெண்டு கையாலயும் வாங்கி, "தேங்க்யூ ஆ"ன்னு சொல்லிட்டுத்தான் நகருவாங்க.

"ஏங்க்கா, ஜிம் நோட்டீஸ் உங்களுக்கு எதுக்கு? உங்க உடம்புல எதைக் குறைக்கப் போறீங்க?"

"பாவம் நூரு, அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா நிக்குதோ. அந்தக் கட்டு தீந்தாத்தானே அது வீட்டுக்குப் போகும்."

நூருங்கறது நான்தான். அவங்க பேரை இங்க சொல்லப் போறதில்ல. சிங்கப்பூர் சின்ன ஊரு, நாலு பேரு படிச்சா அஞ்சாவது ஆளு அவங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. அக்கான்னே வச்சுக்குவோம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எங்க வீட்டுக் கதவும் அவங்க வீட்டுக் கதவும் அடுத்தடுத்து. அவங்க வீட்டுச் செருப்பு எங்க வாசல் வரைக்கும் வரும், எங்க உம்மாவோட செடித்தொட்டி அவங்க வாசல் வரைக்கும் போகும்.

ஆளு அப்ப அவ்வளவு ஒல்லி. ரவிக்கைக் கையில இன்னொரு கை போகும். ஆனா சாப்பாடுன்னு எடுத்துக்கிட்டா, குடுத்ததை மிச்சம் வச்சு நான் பாத்ததே இல்ல. நோன்பு மாசம் முழுக்க உம்மா எங்க வீட்டுக் கஞ்சியில ஒரு பங்கு அவங்களுக்கு எடுத்து வச்சிருவாங்க. பாத்திரம் திரும்பி வர்றப்ப வெறுமனே வராது, ஒரு பிடி சீனியாவது, நாலு வாழைப்பழமாவது இருக்கும். ஒரு தடவை, புரட்டாசின்னு ஞாபகமில்லாம உம்மா மட்டன் பிரியாணி குடுத்தனுப்பிட்டாங்க. நான்தான் கொண்டுபோனேன். நெத்தி நிறைய விபூதியோட வந்து, "கொண்டா கொண்டா, வாசனை இங்க வரைக்கும் வருது"ன்னு வாங்கிக்கிட்டாங்க. தீபாவளி முடிஞ்சப்புறம்தான் மெதுவா சொல்றாங்க, அந்த மாசம் அவங்க வீட்ல கவிச்சியே கிடையாதாம், மூணாவது மாடி மலாய்க்காரங்க வீட்ல குடுத்துட்டாங்களாம்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கொண்டுபோயிருப்பேன்ல?"

"உம்மா ஆசையா குடுத்துவிட்டிருக்காங்க. வேணாம்னா மூஞ்சி வாடிடும்ல."

எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைக் கண்டா எரிச்சல் வரும். எதையும் வாயைத் திறந்து சொல்லாம, எல்லாத்தையும் தலையில வாங்கிப் போட்டுக்கிட்டு, அப்புறம் தனியா உக்காந்து கஷ்டப்படறவங்க. நான் அப்படி இல்ல. எனக்குப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். அதனாலதான் முப்பது வயசு வரைக்கும் கல்யாணம் ஆகலன்னு உம்மா சொல்லுவாங்க. ஒருநாள் அக்காகிட்டயே கேட்டுட்டேன், ஏன் இப்படி இருக்கீங்கன்னு. காரிடார்ல மூங்கில் கழியில துணியைக் கோத்துக்கிட்டு இருந்தாங்க. கை நிக்கல, கோத்துக்கிட்டே சொன்னாங்க.

"நான் ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லியிருக்கேன் நூரு. கல்யாணம் ஆன புதுசு. கவர்மென்ட் கட்டிக் குடுக்கற பிடிஓ வீட்டுக்கு எழுதிப்போட்டிருந்தோம். புக்கிட் பாஞ்சாங்ல மாமியார் வீட்ல ஒரு ரூம், அதுல நாங்க ரெண்டு பேரு. சாவி கைக்கு வரட்டும், அப்புறம் புள்ள பெத்துக்கலாம், இப்ப வேணாம்னு நான்தான் சொன்னேன். அவரு சரின்னாரு. சாவி வர்றதுக்கு நாலு வருஷம் ஆச்சு."

"அதுல என்னக்கா தப்பு? எல்லாரும்தான் அப்படிப் பண்றாங்க."

"தப்பு இல்ல. ஆனா வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் குடுக்க மாட்டாங்க, நூரு."

யாரு குடுக்க மாட்டாங்கன்னு நான் கேக்கல. அந்த வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு தடவை தங்கி, ரெண்டும் மூணு மாசத்துக்குள்ள போயிருச்சுன்னு உம்மா மூலமா எனக்குத் தெரியும். அவங்க மாமியார் எங்க வீட்டு வாசல்லயே நின்னு உம்மாகிட்ட சொன்னதையும் கேட்டிருக்கேன். "உடம்புல ஒட்டறதுக்கு ஒரு இடம் வேணாமா? எலும்பு மேலயா புள்ள உக்காரும்?" அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. மருமக மேல உசுரு அவங்களுக்கு. சொல்லிட்டு அவங்களே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆனா அக்கா உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

மூணாவது தடவை தங்குச்சு. மூணு மாசம் தாண்டுச்சு, நாலும் தாண்டுச்சு. அதுக்கப்புறம்தான் எங்ககிட்டயே சொன்னாங்க. அன்னைக்கு உம்மா தொழுதுட்டு அழுதாங்க.

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க சாப்பாடு. மாமியார் புக்கிட் பாஞ்சாங்லேருந்து ரெண்டு ரயில் மாறி, தூக்கு நிறைய கொண்டுட்டு வருவாங்க. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நெய்யில வறுத்த முட்டை, பாதாம் அரைச்ச பாலு. எங்க உம்மா தன் பங்குக்கு ஆட்டுக்கால் சூப்பு வைப்பாங்க. பிளாக்குக்குக் கீழ காப்பிக் கடையில சிக்கன் ரைஸ் விக்கற சீன ஆன்ட்டி, அக்காவோட வயித்தைப் பாத்துட்டு ரெண்டு கரண்டி சோறு சும்மாவே அதிகமாப் போடுவாங்க. ஆபீஸ்ல கேக்கு. அண்ணன், அதாவது அக்காவோட வீட்டுக்காரர், பஸ் ஓட்டறவரு. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப, நம்ம ஆளுங்க கடையெல்லாம் இருக்கற தேக்காவுக்குப் போய் ஜாங்கிரி வாங்கிட்டு வருவாரு. குடுத்த எல்லாத்தையும் அக்கா சாப்பிட்டாங்க. வேணாம்னு சொல்ல வராதவங்களுக்கு இப்ப ஒரு காரணமும் கிடைச்சிருச்சு.

உடம்பு வந்துச்சு. கன்னம் வந்துச்சு, கழுத்துல மடிப்பு வந்துச்சு. அழகா இருந்தாங்க, அதையும் சொல்லணும். பிறந்ததுலேருந்து ஒல்லின்னு பேச்சு வாங்கின ஆளு. கண்ணாடி முன்னாடி நின்னு தன் கையைத் தானே தடவிப் பாத்துக்குவாங்க. கீழ கடையில ஒரு எடை பாக்கற மிஷின் வாங்கி சோபாவுக்கு அடியில வச்சிருந்தாங்க. சனிக்கிழமை காலையில எங்க வீட்டுக் கேட்டைத் தட்டுவாங்க.

"நூரு, வா வா. வந்து நீயே பாரு. நான் சொன்னா நம்ப மாட்ட."

நான் பல்லு கூட விளக்காம போய்க் குனிஞ்சு பாப்பேன். நம்பரைச் சொல்லுவேன். பரீட்சை மார்க்கு கேக்கற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. போன வாரத்தைவிட ஏறியிருந்துச்சுன்னா மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லுவாங்க. அந்தப் பக்கம் மாமியார் சாமிக்கு ஏதோ நேந்துக்கறது எனக்கே கேக்கும்.

டாக்டர் திட்டினாங்கன்னு ஒருநாள் வந்து சொன்னாங்க. திட்டு வாங்கின மூஞ்சியா அது? சிரிப்பு தாங்கல.

"ரொம்ப வேகமா ஏறுதாம்லா. இனிப்பைக் குறைக்கணுமாம். உப்பைக் குறைக்கணுமாம். என்னைப் பாத்து, நூரு, வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தங்க சாப்பாட்டைக் குறைன்னு சொல்றாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"தலைவலி வந்தா, கண்ணு மங்குனா, கை மூஞ்சியெல்லாம் வீங்குனா காத்திருக்காம உடனே வாங்கன்னாங்க. எனக்கு எதுக்குத் தலைவலி வரப்போகுது? நல்லாத்தானே இருக்கேன்."

டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அக்காவும் மறக்காம சொன்னாங்க, நானும் கேட்டேன். ஆனா எங்களுக்குத் தெரிஞ்ச வீக்கம்னா அது வலிக்கும், சிவந்து போயிருக்கும். சதை போட்டதுக்கும் வீங்கினதுக்கும் வித்தியாசம் தெரியணும்னா சதையைப் பாத்துப் பயப்படத் தெரிஞ்சிருக்கணும். அந்த வீட்ல சதைக்காகத்தானே அத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க?

ஏழாம் மாசம் வளைகாப்பு வச்சாங்க. அதுக்கு முந்தின சனிக்கிழமை மிஷின்ல ஏறினப்ப, ஒரே வாரத்துல மூணு கிலோ கூடியிருந்துச்சு. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான் ஏறிப் பாத்தேன், எனக்குச் சரியாத்தான் காட்டுச்சு. அக்கா கையைத் தட்டிச் சிரிச்சாங்க. தேக்காவுக்குப் போய் வளையல் வாங்கினது அதுக்கும் ரெண்டு வாரம் முன்னாடி. கடைக்காரம்மா அக்கா கையைத் திருப்பிப் பாத்து அளவா எடுத்துக் குடுத்த கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும், பெட்டி பெட்டியா.

வளையல் ஏறல.

ஹால்ல நாக்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை. முதல்ல மாமியார் போட வந்தாங்க. கட்டைவிரல் எலும்புகிட்ட வளையல் நின்னு போச்சு. அமுக்கினாங்க, போகல. சின்ன மாமியார் ஒருத்தங்க வந்து, "கையைக் குவிம்மா, குவி"ன்னாங்க. குவிக்கவே முடியல, விரலெல்லாம் அவ்வளவு உப்பியிருந்துச்சு. சோப்புத் தண்ணி கொண்டுவந்தாங்க. அப்பவும் ஏறல. ஹாலே சிரிச்சுச்சு. "நல்லா பூசினாப்புல ஆயிட்டா பாரு." "போன வருஷம் இதே கையில ரெண்டு டஜன் சேந்து போகும்." "உள்ள இருக்கறது ராஜாவோ ராணியோ, அம்மாவை இப்படிச் சாப்பிட வச்சிருக்கு." மாமியார் எல்லாரையும் பாத்துச் சிரிக்கறாங்க. அவங்க அவ்வளவு பெருமையா இருந்து நான் பாத்ததில்ல. யாரோ ஒரு பொண்ணைக் கார்ல தேக்காவுக்கு அனுப்பி, ரெண்டு சைஸ் பெருசா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அது வர்ற வரைக்கும் பாட்டு, கேலி, சாப்பாடு.

பெரிய வளையல் வந்தப்புறம், நீயும் போடுன்னு அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. எங்க வீடுகள்லயும் ஏழாம் மாசம் பூ வச்சுப் பாக்கறது உண்டு, எனக்குக் கூச்சம் ஒண்ணும் இல்ல. கையைப் பிடிச்சு ரெண்டு வளையல் போட்டேன். நான் விரலை எடுத்ததும் அவங்க மணிக்கட்டுல என் கட்டைவிரல் பதிஞ்ச இடம் குழியா அப்படியே நின்னுச்சு. மாவுல அமுக்கின மாதிரி. அக்கா அதைப் பாத்துட்டு எங்கிட்ட, "பாரேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் தலை வலிக்குதுன்னாங்க. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னாங்க. அத்தனை பொம்பளைங்க வாய் விட்டுப் பாராட்டியாச்சு, அப்ப அது வேற என்னவா இருக்கும்? கண்ணுதான். மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து மூணு சுத்து சுத்தினாங்க. எங்க உம்மா பக்கத்துல உக்காந்து ஓதி, ஒரு கிளாஸ் தண்ணியில ஊதிக் குடுத்தாங்க. அக்கா அதுக்கும் தலையைக் காட்டுனாங்க, இதையும் வாங்கிக் குடிச்சாங்க. நெஞ்சுக்குக் கீழ ஏதோ அடைக்குதுன்னு சொன்னதுக்கு, அத்தனை சாதம் சாப்பிட்டா அடைக்கத்தான் செய்யும்னு ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தாங்க. அதையும் குடிச்சாங்க. அந்த ஹால்ல இருந்த ஒவ்வொருத்தரும் அக்கா நல்லா இருக்கணும்னு வந்தவங்கதான்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் ஷிப்ட்டுக்குப் போனப்புறம் அக்கா சமையல்கட்டுல விழுந்துட்டாங்க. சத்தம் கேட்டு உம்மாதான் ஓடுனாங்க. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துச்சு, ஆஸ்பத்திரியில செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாங்க. அக்கா பிழைச்சாங்க. புள்ள பிழைக்கல.

ரத்தக் கொதிப்பு ஏறினதுல வந்த வினையாம். அந்த ஒரு வாரத்துல ஏறின மூணு கிலோ சதையே இல்லையாம், தண்ணியாம். உடம்பெல்லாம் தண்ணி கோத்து நின்னிருக்கு. டாக்டர் அண்ணனுக்குப் படம் போட்டு விளக்கினாங்களாம். அவரு காரிடார்ல செவுத்துல சாஞ்சுக்கிட்டு எங்ககிட்ட அதைத் திருப்பிச் சொன்னாரு. சொல்லிட்டு, "தண்ணிம்மா. வெறும் தண்ணி"ன்னு உம்மாவைப் பாத்து மறுபடியும் சொன்னாரு. உம்மா அவரை உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க.

இன்னொண்ணும் அவருதான் சொன்னாரு. பொம்பளப் புள்ள. துணியில சுத்திக் கொண்டுவந்து, பாக்கறீங்களான்னு நர்ஸ் கேட்டிருக்காங்க. வேணாம்மா, தாங்க மாட்டா, கொண்டு போயிடுங்கன்னு மாமியார் அழுதிருக்காங்க. அவரும் வேணாம்னுதான் சொல்ல வாயெடுத்தாராம். அதுக்குள்ள அக்கா கையை நீட்டிட்டாங்களாம்.

வாங்கி மடியில வச்சுக்கிட்டு, ரொம்ப நேரம் குடுக்கலையாம்.

வீட்டுக்கு வந்தப்புறமும் மாமியார் தூக்கோட வந்தாங்க. புள்ள இல்லைன்னாலும் பெத்த உடம்பு பெத்த உடம்புதானே. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, காய மருந்து. பாலு கட்டிக்கிட்டு அக்கா துடிச்சாங்க, அது வத்தறதுக்கு மல்லிகைப்பூ வச்சுக் கட்டினாங்க. மாமியார் பேசறதையே நிறுத்திட்டாங்க. தட்டுல போட்டு முன்னாடி வைப்பாங்க, அக்கா சாப்பிடுவாங்க, மாமியார் தட்டைக் கழுவி வச்சுட்டு ரயிலேறிப் போயிடுவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறதில்ல. அந்த வீட்டுக்குள்ள போறதுக்கே எனக்குப் பயமா இருந்துச்சு.

கோத்த தண்ணி சீக்கிரமே வடிஞ்சிருச்சு. மத்ததெல்லாம் அப்படியே நின்னுச்சு. அத்தனை மாசம் எல்லாரும் ஊட்டி ஏத்தின சதை, வயிறு, இடுப்பு, கன்னம், ஒண்ணும் போகல. பழைய துணி எதுவும் பத்தாது. வயித்துப் புள்ளைக்காரிக்குத் தைச்ச கவுனுதான் சரியா இருந்துச்சு, அதையே போட்டுக்கிட்டு வெளிய வருவாங்க. லிப்ட்ல விவரம் தெரியாதவங்க எப்ப டெலிவரின்னு கேப்பாங்க. நான் கூட இருந்தா முறைச்சே வாயை அடைச்சிருவேன்.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க. எனக்கும் கல்யாணமாகி உட்லண்ட்ஸ் பக்கம் வந்துட்டேன். தீபாவளிக்கும் பெருநாளைக்கும் போன்ல வாழ்த்து அனுப்பிக்கறதோட சரி. அவங்க பேரைப் பாத்தா எனக்கு ஞாபகம் வர்றது வளைகாப்பு இல்ல, ஆம்புலன்ஸ் இல்ல. அவங்க வீடு மாறுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் தேக்காவுலேருந்து ரயில்ல வந்தது.

சந்தையில கொஞ்சம் காய்கறி வாங்கினோம். வெளிய வந்துட்டுப் போனா மனசு மாறும்னு உம்மாதான் எங்க ரெண்டு பேரையும் துரத்தி விட்டிருந்தாங்க. ரயில்ல நெரிசல். ஏறினதுமே கதவோரச் சீட்லேருந்து ஒரு சீன ஆன்ட்டி, நல்ல வயசானவங்க, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. அக்கா வயித்தைக் காட்டி, "சிட், சிட்"னாங்க.

இல்ல ஆன்ட்டி, அவங்களுக்குன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அக்கா, "தேங்க்யூ ஆ"ன்னு சொல்லி உக்காந்துட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. குனிஞ்சு தோளைத் தொட்டேன். அவங்க என்னைப் பாக்கல, அந்த ஆன்ட்டியைத்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஹவ் மெனி மந்த்ஸ் ஆல்ரெடி?"

"ஏழு"ன்னு தமிழ்ல வந்துருச்சு அவங்களுக்கு. அப்புறம் "செவன்"னாங்க.

"பாய் ஆர் கேர்ள்?"

"கேர்ள்."

"வாவ், கேர்ள் குட் லா. கேர்ள் லவ் மதர்." அந்த ஆன்ட்டிக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, சொந்த மககிட்ட சொல்ற மாதிரி சொன்னாங்க. "யூ மஸ்ட் ஈட் மோர், ஓகே? பேபி நீட்."

"ஐ ஈட், ஆன்ட்டி"ன்னாங்க அக்கா. "எவ்ரிதிங் தே கிவ், ஐ ஈட்."

ஆன்ட்டி ஹவ்காங்ல இறங்கினாங்க. இறங்கறப்ப கையை ஆட்டினாங்க, அக்காவும் ஆட்டினாங்க. செங்காங் வந்து நான் எந்திரிங்கன்னு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு கையை இடுப்புக்குப் பின்னாடி ஊனிக்கிட்டு, இன்னொரு கையால வயித்தைத் தாங்கிக்கிட்டு, மெதுவா எந்திரிச்சாங்க. கதவுகிட்ட நின்னவங்க எல்லாரும் அவங்களுக்கு வழி விட்டாங்க.